நீங்க வந்தா மட்டும் ஓடுது

சென்னை மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. படிக்கட்டுக்கு அடியில் பம்ப் அறை. கத்திரி வெயில் நாட்கள். மோட்டார் சூடும் சம்ப்பின் ஈரமும் சேர்ந்து, உள்ளே போன ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே குந்தி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எங்கள் பெட்டிக்குள் ஒயரை இணைத்தேன். வாட்ச்மேன் ஐயா மெயினை இறக்கி ஏற்றினார். திரையில் எழுத்துகள் ஓடின. நாற்பது விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு குறையும் இல்லை.

"நீங்க வந்தா மட்டும் ஓடுது தம்பி. நீங்க போனதும் படுத்துக்குது," என்றார் ஐயா.

அந்த இடத்துக்கு நான் மூன்றாவது முறையாகப் போயிருந்தேன். அவர் சொன்னதை ஒரு பெரியவரின் சலிப்பு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பழுதின் முழு விளக்கமும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது என்று புரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

நாங்கள் கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம். சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்துச் சொல்லும் பெட்டி செய்கிறோம். உள்ளே ஒரு ஆர்ம் வகைச் சிப், லினக்ஸ் என்ற இயங்குதளம், ஒரு 4ஜி மோடம். லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டும் குடியிருப்புகளுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்தபோது, சில இடங்களில் பெட்டி எழுந்திருக்கவே இல்லை. எல்லா இடத்திலும் இல்லை, எல்லா முறையும் இல்லை. பழுதான பெட்டியைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், மேசையில் நூறு முறை போட்டு அணைத்தாலும் ஒழுங்காக எழுந்தது.

பெட்டிக்குள் இருக்கும் இந்த மாதிரி சர்க்யூட் போர்டுகளுக்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய நமக்கு இருப்பது சீரியல் கன்சோல், அதாவது எழுத்துகள் பிட் பிட்டாக வந்து போகும் ஒயர் இணைப்பு, ஒன்றுதான். போர்டின் ஓரத்தில் நாலு பின்: 3.3 வோல்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), கிரவுண்டு. ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்றை வாங்கி, போர்டின் டிஎக்ஸை அடாப்டரின் ஆர்எக்ஸோடும், போர்டின் ஆர்எக்ஸை அடாப்டரின் டிஎக்ஸோடும் கோத்து, 115200 என்று பாட் ரேட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) கொடுத்தால் போர்டு பேச ஆரம்பிக்கும். 3.3 வோல்ட் பின்னைத் தொட வேண்டாம், போர்டுக்குத் தன் சப்ளை இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் வரும் ஆர்எஸ்-232 சீரியல் கேபிளை நேராக மாட்டவே கூடாது. அதில் ப்ளஸ் மைனஸ் பன்னிரண்டு வோல்ட் வரை வரும், சிப்பின் பின் செத்துவிடும். அப்புறம், கிரவுண்டை முதலில் மாட்டுங்கள். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும் அல்லவா, அந்தக் கசிவு மின்சாரம் போக ஒரு வழி வேண்டும். கிரவுண்டு இல்லையென்றால் அது டேட்டா பின் வழியாகப் போகும்.

அடாப்டர் வழியாக இன்னொரு தொல்லையும் வரும். போர்டின் சப்ளையை அணைத்த பிறகும் அடாப்டரின் டிஎக்ஸ் 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். அது போர்டின் ஆர்எக்ஸ் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக உள்ளே கசிந்து, சிப்பை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும். அணைத்துப் போட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சிப் முழுதாக அணைந்தே இருக்காது.

கன்சோலில் ஓடும் எழுத்துகளை ஒரே ஆள் பேசுவதாகத்தான் தொடக்கத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் படித்தேன். உண்மையில் அது ஒரே ஒயரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பேசும் பல பேர். சிப்புக்குள் பொறித்திருக்கும் பூட் ரோம் என்ற நிரல் முதல் ஆள், பெரும்பாலும் வாய் திறக்காது. அது எஸ்பிஎல் என்ற சின்ன நிரலை சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்ராம் என்ற சிறு மெமரியில் ஏற்றி ஓட விடும். வெளியே இருக்கும் டிடிஆர் மெமரி அந்த நேரத்தில் இன்னும் உயிர் பெறவில்லை. அதை எழுப்புவதுதான் எஸ்பிஎல்லின் வேலை. எழுப்பிய மெமரியில் யூபூட் என்ற அடுத்த நிரல் வந்து உட்கார்கிறது. யூபூட், லினக்ஸின் மையமான கர்னலை எடுத்து வைத்து, போர்டில் என்னென்ன பாகம் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ இருக்கும் முகவரியைச் சிப்பின் ஒரு ரெஜிஸ்டரில் போட்டுவிட்டு, 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு விலகுகிறது. கர்னலுக்குள்ளும் இரண்டு குரல்: முதலில் எர்லிகான் என்ற தற்காலிகக் குரல், பாகங்களை இயக்கும் டிரைவர்கள் வந்த பிறகு நிஜமான கன்சோல். கடைசியாக லாகின் கேட்கும் நிரல்.

இவர்கள் ஒவ்வொருவரும் அந்த ஒயரை இயக்கும் யுஆர்ட் என்ற பகுதியைத் தாங்களே முதலிலிருந்து தயார் செய்துகொள்கிறார்கள். எந்த யுஆர்ட், எந்தக் கிளாக் (தாளம் கொடுக்கும் துடிப்பு), எந்த பாட் ரேட் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒருவரிடம் தப்பாகச் சொல்லியிருந்தால் அவர் முறை வரும்போது திரை அமைதியாகிவிடும். அதனால் திரை நின்றதும் நான் கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன், அதைச் சொன்னது யார் என்று பார்க்கிறேன். எஸ்பிஎல்லின் ஒரு வரியோடு நின்றால் டிடிஆர் டைமிங், அல்லது யூபூட்டைப் படிக்க வேண்டிய ஈஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப். 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்று நின்றால் கர்னலுக்கு வாய் இல்லை, அல்லது டிவைஸ் ட்ரீ தப்பு. பூட்கன்சோல் டிஸேபிள்டு என்ற வரியோடு நின்றால் எர்லிகான் ஒழுங்காகப் பேசி முடித்து ஒதுங்கிவிட்டது, அடுத்துப் பேச வேண்டிய டிரைவர்தான் வரவில்லை என்று பொருள். அந்த இடத்தில் கீப் பூட்கான் என்று கர்னலுக்குக் கொடுக்கும் பூட்ஆர்க்ஸ் வரியில் சேர்த்தால் பழைய குரலே தொடர்ந்து பேசும், மீதிக் கதையும் தெரியும். இன்னொரு அமைதி கொஞ்சம் விஷமமானது. கர்னல் பூட் முடியும் தறுவாயில், யாரும் உரிமை கோராத கிளாக்குகளை மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கும். டிவைஸ் ட்ரீயில் யுஆர்ட்டின் கிளாக்கை எழுத மறந்திருந்தால் நன்றாக ஓடிய வாக்கியம் நடுவில் அறுந்துபோகும்.

அமைதி வேறு, சாவு வேறு. இதைத்தான் எங்கள் ஜூனியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கர்னல் முதல் விநாடியிலிருந்தே தன் செய்திகளை மெமரியில் பஃபர் என்று ஒதுக்கிய ஓர் இடத்தில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். கன்சோல் கிடைத்ததும், சேர்த்து வைத்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டும். கன்சோல் கிடைக்காமலே போனாலும் எழுதுவது நிற்காது. அப்படி ஒரு ஊமைப் போர்டு வந்தால், பவரை அணைக்காமல் ரீசெட் பட்டனை மட்டும் அழுத்தி, யூபூட் ப்ராம்ப்ட்டில், அதாவது அது கட்டளை கேட்டு நிற்கும் இடத்தில், நிறுத்திக்கொள்ளலாம். கர்னலைத் தொகுத்தபோது உண்டான சிஸ்டம் மேப் கோப்பில் லாக் பஃபரின் முகவரி இருக்கும். கர்னல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியிலிருந்து உண்மையான ராம் முகவரிக்கு ஒரு கழித்தல் கணக்குப் போட்டு, மெமரியைக் காட்டும் யூபூட்டின் எம்டி கட்டளையால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மின்சாரம் போகாததால் டிடிஆரில் இருந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். வலது ஓரத்தில் எழுத்துகள் வரிசையாகத் தெரியும்: லினக்ஸ் வெர்ஷன், சிபியு, மெமரி எவ்வளவு என்று. முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊமை என்று நினைத்த ஒருவரின் டைரி கையில் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்தப் போர்டில் கர்னல் முழுக்க எழுந்து, தனக்கு வேண்டிய கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்காமல் பேனிக் ஆகி நின்றிருந்தது. நாங்கள் இரண்டு நாளாக டிடிஆரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

எழுத்து வந்தும் குப்பையாக வந்தால் அது வேறு வகை. ஒருமுறை ஒரு புது பேட்ச் போர்டுகள் எல்லாமே குப்பை பேசின. 115200 வேகத்தில் ஒரு பிட் 8.68 மைக்ரோவிநாடி நீளம் இருக்க வேண்டும். மின் அலையைக் காட்டும் ஸ்கோப்பில் மிகக் குறுகிய பள்ளத்தை அளந்தால் 8.0தான் வந்தது. கிளாக்குக்குத் தாளம் கொடுக்கும் 24 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல் இருக்க வேண்டிய இடத்தில் 26 ஏறியிருந்தது. டெர்மினலில் 124800 என்று வேகத்தை மாற்றிக் கொடுத்ததும் எழுத்து தெளிந்தது. ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டு டேட்டா பிட், நிறுத்த பிட் என்று பத்து பிட். தொடக்கத்தில் பிடித்த தாளத்தைப் பத்தாவது பிட் வரை தவறாமல் எண்ண வேண்டும். மூன்று நாலு சதவீதம் பிசகினாலே வண்டி தள்ளாடும், எட்டு சதவீதம் தாங்கவே தாங்காது.

2018இல் ஐஐடி மெட்ராஸின் ஷக்தி சிப்பில் லினக்ஸ் பூட் ஆனது என்ற செய்தியைப் படித்த அன்று, நான் நினைத்துக்கொண்டது அதைச் சோதித்த அறையின் திரையில் ஓடிய முதல் வரியைப் பற்றித்தான். ஷக்தி போல ரிஸ்க்-5 வகைச் சிப் ஆனாலும் ஆர்ம் ஆனாலும், எத்தனை கோடி செலவில் செய்த சிப் ஆனாலும், உயிர் இருக்கிறதா என்று முதலில் தெரிவது பெரும்பாலும் இந்த ஒற்றை ஒயரில்தான்.

சரி, மேடவாக்கத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வரிசையாகச் சந்தேகப்பட்டது இவற்றை: கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் ஆடி சிப் ஒழுங்காக ரீசெட் ஆகவில்லை, ஈஎம்எம்சி கெட்டிருக்கிறது, ஃபைல் சிஸ்டம் உடைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை, ஒவ்வொன்றும் பொய்த்தது. அவ்வப்போது தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் இருக்கிறதே, எது தொங்கினாலும் அது ரீசெட் செய்ய வேண்டுமே என்பதுதான் எனக்குப் புரியாத பெரிய கேள்வி. லாகுகளில் ஒன்றும் இல்லை. எழாத கர்னல் லாக் எழுதாது. கன்சோலை மாட்டிப் பார்த்தால் போர்டு எழுந்துவிடுகிறது.

நாலாவது முறை எங்கள் டெக்னீஷியன் அண்ணனும் என்னோடு வந்தார். ஜம்பர் ஒயர்கள் அடிக்கடி மாட்டிக் கழற்றி நைந்திருந்தன. அண்ணன்தான் மாட்டினார். ஐயா மெயினை இறக்கி ஏற்றினார். எழுத்துகள் ஓடின. யூபூட் வந்தது. 'ஹிட் எனி கீ டு ஸ்டாப் ஆட்டோபூட்' (தானாக எழுவதை நிறுத்த ஏதாவது ஒரு கீயை அமுக்கு) என்ற வரியில் மூன்று, இரண்டு என்று எண் இறங்கியது. பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் டப் என்று இழுத்தது. எண் நின்றுவிட்டது. யூபூட் ப்ராம்ப்ட் வந்து கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீ ஏதாவது அமுக்கினியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, கையே வைக்கல."

கீபோர்டில் அடித்துப் பார்த்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அண்ணன் குனிந்து ஒயரைப் பார்த்தார். பச்சை ஜம்பர், அதாவது அடாப்டரிலிருந்து போர்டின் ஆர்எக்ஸுக்குப் போகும் ஒயர், மேலே ரப்பர் அப்படியே இருந்தும் உள்ளே அறுந்திருந்தது. போர்டு பேசியது எங்களுக்குக் கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து போர்டுக்கு ஒன்றும் போகவில்லை. அப்படியானால் அந்தக் 'கீ'யை அமுக்கியது யார்?

ஐயா வாசலில் நின்றபடி சொன்னார்: "மோட்டார் ஓடாத நேரத்துல கரண்ட் போய் வந்தா இது ஒண்ணும் பண்றதில்ல தம்பி."

அவ்வளவுதான். எல்லாம் அந்த இடத்தில் ஒன்றுகூடிவிட்டது. எங்கள் போர்டில் ஆர்எக்ஸ் பின் எதோடும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருந்தது. யுஆர்ட் ஒயர் சும்மா இருக்கும்போது மேலே, 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டும். அது கீழே இறங்கினால் அதுதான் தொடக்க பிட். இறங்கியதா என்று சிப் அரை பிட் கழித்து, அதாவது 4.3 மைக்ரோவிநாடி கழித்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளும். அந்த நேரமும் கீழேயே இருந்தால் ஒரு எழுத்து வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மிதக்கும் பின்னுக்கு ஒரு அடி தள்ளி, ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டர் என்ற ஸ்விட்ச் இழுக்கும்போது வரும் மின்பொறி இதைவிடப் பல மடங்கு நீளமான சலனத்தைக் கிளப்பும். யூபூட்டுக்கு என்ன எழுத்து வந்தது என்பதே முக்கியமில்லை. எந்த எழுத்து வந்தாலும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, கட்டளைக்காகக் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும்போது வாட்ச்டாக்கையும் தவறாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ரீசெட் வரவே இல்லை. அந்தப் பெட்டி தொங்கவில்லை, இருட்டறையில் யாரோ கட்டளை சொல்லப் போகிறார்கள் என்று நாள்கணக்கில் காத்துக்கொண்டிருந்தது.

நல்ல ஒயரோடு நான் வந்து மாட்டும்போது என்ன ஆகிறது? அடாப்டரின் டிஎக்ஸ் அந்தப் பின்னை 3.3 வோல்ட்டில் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். எந்த மின்பொறியும் அசைக்க முடியாது. பழுதைப் பார்க்கப் போன ஒயரே மருந்தாக இருந்தது. நீங்க வந்தா மட்டும் ஓடுது.

போர்டு பேசுவதைக் கேட்கிறோம் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். அது நாம் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. கன்சோல் ஒரு ஜன்னல் இல்லை, அது சர்க்யூட்டின் ஒரு பாகம். யோசித்தால் டிஎக்ஸ் பக்கமும் அப்படித்தான். 115200இல் ஒரு விநாடிக்கு 11520 எழுத்துதான் போகும். நாற்பதாயிரம் எழுத்து பூட் லாக் என்றால் மூன்றரை விநாடி அச்சிடவே போய்விடும். வரிகளைக் கூட்டினால் டிரைவர்கள் எழும் நேரம் தள்ளிப்போகும், நேரம் சார்ந்த ஒரு பிழை மறைந்துவிடும். வரிகளை எடுத்தால் திரும்பி வரும். இதை நான் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆர்எக்ஸ் பின்னோடு சேர்த்து யோசித்ததில்லை.

கிண்டிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மேசைப் போர்டில் டிஎக்ஸையும் கிரவுண்டையும் மட்டும் மாட்டி, ஆர்எக்ஸை அப்படியே விட்டோம். யூபூட் எண்ணும் நேரத்தில் அண்ணன் ஆர்எக்ஸ் பின்னில் விரலை வைத்தார். உடம்பு பிடித்து வைத்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே போதுமாக இருந்தது. எண் நின்றது. பத்து முறை வைத்தார், பத்து முறையும் நின்றது. பிறகு டப்பாவிலிருந்து ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்தார். நிறப் பட்டைகள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. 3.3 வோல்ட் பின்னுக்கும் ஆர்எக்ஸுக்கும் நடுவில் சால்டர் வைத்தார். விரலை வைத்தார். எண் இறங்கிக்கொண்டே போனது, கர்னல் எழுந்தது. அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். அந்த ரெசிஸ்டரின் விலை சில பைசா. அது இல்லாததால் குடியிருப்புகளில் எத்தனை பேர் தண்ணீர்க் கணக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

வெளியே போய்விட்ட பெட்டிகளை எல்லாம் கழற்றிக் கொண்டுவர முடியாது. ஆர்எக்ஸ் பின்னுக்கு சிப்புக்குள்ளேயே இருக்கும், பின்னை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்அப்பை எஸ்பிஎல்லிலேயே இயக்கினோம். அது 10 கிலோஓம் அளவுக்கு வலுவானது அல்ல என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. யூபூட்டில் ஆட்டோபூட் கீட் என்ற வசதி உண்டு. குறிப்பிட்ட ஒரு சொல்லை முழுதாக அடித்தால்தான் நிற்கும், மற்ற எழுத்துகளைக் கண்டுகொள்ளாது. அதையும் போட்டோம். எண்ணும் நேரத்தைச் சொல்லும் பூட்-டிலே (bootdelay) என்பதற்கு மைனஸ் 2 கொடுத்து, நிறுத்தும் வழியையே அடைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்றைக்காவது ஒரு பெட்டி நிஜமாகவே கெட்டுப்போகும்போது, உள்ளே போக நமக்கு அந்த ஒரு கதவு வேண்டும். எழுந்து ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளுக்கு 4ஜி வழியாகவே புது யூபூட்டை அனுப்பினோம். எழாமல் காத்துக்கொண்டிருந்தவற்றுக்கு அந்தந்த வாட்ச்மேன்களிடம் போனில் சொன்னோம்: மோட்டார் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, மெயினை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். எழுந்துவிட்டது. அடுத்த போர்டில் அந்த ரெசிஸ்டருக்கு இடம் வைத்தாகிவிட்டது.

ஜூன் கடைசியில் மேடவாக்கத்துக்குப் போனேன். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை. ஐயா மெயினை இறக்கினார், கொஞ்ச நேரம் விட்டு ஏற்றினார். ஸ்டார்ட்டர் டப் என்று இழுத்தது, மோட்டார் உறுமியது. நாங்கள் இருவரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பது விநாடியில் பச்சை வந்தது.

"இன்னொரு வாட்டி போடட்டா தம்பி?" என்றார்.

"போடுங்க ஐயா," என்றேன்.